‘ஐபிஎஸ்தான், பழகிக்கோ’ன்னா தலையாட்டாதே! பித்த அமில டெஸ்ட் எடுக்கப் போறவங்களுக்கு அக்காவின் டிப்ஸ்

காலையில ஆபீஸ் கிளம்பறதுக்குள்ள நாலு தடவை பாத்ரூம். பஸ் ஏறும்போதே வழியில எந்த ஸ்டாப்ல கழிப்பறை இருக்குன்னு மனசுக்குள்ள கணக்கு. கல்யாண வீட்டுல பந்தியில உட்காரவே பயம். கொலோனாஸ்கோபி நார்மல், ரத்தம் நார்மல், ஸ்கேன் நார்மல். கடைசியில சீட்டுல ‘ஐபிஎஸ்–டி’ன்னு எழுதி, “டென்ஷனைக் குறைச்சுக்கோங்க”ன்னு சொல்லி அனுப்பியிருப்பாங்க. நீயும் பையில பேதியை நிறுத்தற லோபிரமைட் மாத்திரை நாலைப் போட்டுக்கிட்டு வருஷக்கணக்கா ஓட்டிக்கிட்டு இருப்பே.

ஐபிஎஸ்–டி, அதாவது வயித்துவலியும் பேதியும் சேர்ந்து வர்ற குடல் எரிச்சல் நோய்ன்னு பேர் வாங்கினவங்கள்ல ஏறக்குறைய நாலுல ஒருத்தருக்குக் காரணம் டென்ஷன் மட்டும் இல்ல. பெருங்குடலுக்குள்ள தேவைக்கு மேல வந்து சேர்ற பித்த அமிலம். அதை அளந்து பார்க்க டெஸ்ட் இருக்கு, அடக்க மருந்தும் இருக்கு. ஆனா இந்த டெஸ்ட், நீ தயாராகிப் போற விதத்துல பாதி, லேப் செய்யறதுல பாதி. காபி குடிச்சிட்டுப் போய் ரத்தம் கொடுத்துட்டு, “ரிப்போர்ட் குழப்பமா வந்துடுச்சு அக்கா”ன்னு என்கிட்ட வந்து நிக்காதே. அதுக்குத்தான் இந்த லிஸ்ட்.

முதல்ல விஷயத்தைப் புரிஞ்சுக்கோ

1. பித்த அமிலம் கெட்டது இல்ல. கல்லீரல் கொலஸ்ட்ராலை வெச்சு அதைத் தயாரிக்குது. பித்தப்பையில சேர்த்து வெச்சு, நீ சாப்பிட்டதும் சிறுகுடலுக்குள்ள விடுது. எண்ணெய், நெய் எல்லாம் செரிக்க இது வேணும். வேலை முடிஞ்சதும் சிறுகுடலோட கடைசிப் பகுதி அதுல 95 சதவீதத்தை உறிஞ்சி, திரும்பக் கல்லீரலுக்கே அனுப்பிடும். ஒரே நாள்ல இந்தச் சுத்து பல தடவை நடக்கும்.

2. மிச்சம் அதிகமானாத்தான் வம்பு. உறிஞ்சப்படாம பெருங்குடலுக்குள்ள போற பித்த அமிலம் அங்க தண்ணியைச் சுரக்க வைக்கும், குடலோட ஓட்டத்தையும் விரட்டும். தண்ணியாப் போறதும், ‘இப்பவே போகணும்’ங்கிற அவசரமும் அதனாலதான்.

3. பிரேக் பிடிக்காத கேஸ் நிறைய. மாடியில தண்ணித் தொட்டி நிரம்பினதும் மோட்டாரை நிறுத்துற மிதவை மாதிரி, சிறுகுடல் கடைசியில இருந்து எஃப்ஜிஎஃப்–19ன்னு ஒரு ஹார்மோன் கிளம்பி, “போதும், தயாரிப்பை நிறுத்து”ன்னு கல்லீரலுக்குச் சொல்லும். சிலருக்கு இந்தச் சேதி குறைவாப் போகுது, கல்லீரல் நிறுத்தாம தயாரிச்சுக்கிட்டே இருக்கு. லண்டன் இம்பீரியல் காலேஜ்ல ஜூலியன் வால்டர்ஸ் குழு 2009-ல இதை எடுத்துச் சொன்னாங்க. உறிஞ்சற இடத்துல பழுது எதுவும் தெரியாதவங்களுக்கும் ஏன் இப்படி ஆகுதுங்கிறதுக்கு அதுக்கப்புறம்தான் ஒரு பிடி கிடைச்சது. கொலோனாஸ்கோபி ‘நார்மல்’னு வந்தும் உனக்குப் பேதி நிக்காததுக்கு இது ஒரு காரணமா இருக்கலாம்.

உனக்கு இந்தச் சந்தேகம் வரணுமா?

4. இதுல எது உனக்குப் பொருந்துதுன்னு டிக் பண்ணு:

- பித்தப்பையில கல்லுன்னு ஆபரேஷன் பண்ணி, பையையே எடுத்தாச்சு. பேதி அதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சது.
- சிறுகுடலோட கடைசிப் பகுதியை வெட்டி எடுத்திருக்காங்க, இல்லேன்னா அங்க கிரோன்ஸ் நோய் இருக்கு. இந்தத் தொடர்பை மருத்துவ ஆராய்ச்சியாளர் ஆலன் ஹாஃப்மன் 1967-லயே எழுதிட்டார். இது புதுக் கண்டுபிடிப்பு இல்ல.
- வயித்துப் பகுதியில கேன்சருக்காகக் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்திருக்கே.
- ராத்திரி தூக்கத்துல இருந்து எழுப்பற பேதி. சாதாரண ஐபிஎஸ் பெரும்பாலும் தூங்க விடும்.
- அடக்க முடியாத அவசரம், துணியில பட்டுடுமோங்கிற பயம்.
- நெய்யும் எண்ணெயும் தூக்கலா இருந்த சாப்பாட்டுக்கு அப்புறம் வயிறு மோசமாகுது.

ஒண்ணு பொருந்தினாலும் டாக்டர்கிட்ட இந்த டெஸ்ட் பேச்சை எடு. பிரிட்டன் குடல் மருத்துவச் சங்கம் 2021-ல வெளியிட்ட ஐபிஎஸ் வழிகாட்டியே, பித்தப்பை எடுத்தவங்களுக்கும் ராத்திரிப் பேதி இருக்கறவங்களுக்கும் பித்த அமிலத்தைப் பாருங்கன்னு சொல்லுது. எதுவுமே பொருந்தலைன்னாலும் கேட்கலாம், தப்பில்ல. அமெரிக்கக் குடல் மருத்துவச் சங்கம் 2019-ல, நாள்பட்ட பேதிக்கும் ஐபிஎஸ்–டிக்கும் செய்ய வேண்டிய பரிசோதனைகள்ல இதையும் சேர்த்திருக்கு.

5. ஒரு வாரம் நோட்டு எழுது. “அடிக்கடி போகுது டாக்டர்”னு சொன்னா அவங்களுக்கு எதுவும் புரியாது. எத்தனை தடவை, எத்தனை மணிக்கு, ராத்திரி எழுந்தியா, மலத்தோட வகையைக் காட்டற பிரிஸ்டல் சார்ட்ல எந்த நம்பர் – இவ்வளவும் எழுது. அந்தச் சார்ட்ல 6-ன்னா சிதறின கூழ், 7-ன்னா வெறும் தண்ணி. போன்லயே எழுது, ஒரு தடவைக்கு பத்து செகண்ட்தான் ஆகும். டெஸ்டுக்கு அப்புறம் மருந்து வேலை செய்யுதான்னு பார்க்கவும் இந்த நோட்டுதான் கை கொடுக்கும்.

குறுக்கு வழி தேடாதே: இதையெல்லாம் முடிச்சிட்டு வா

6. அபாயக் குறி இருந்தா பித்த அமிலத்தை ஓரமா வை. மலத்துல ரத்தம், காரணமில்லாம எடை குறையறது, காய்ச்சல், ரத்தசோகை, 45, 50 வயசுக்கு மேல புதுசா ஆரம்பிச்ச பேதி, குடும்பத்துல குடல் கேன்சர் – இதுல ஒண்ணு இருந்தாலும் முதல்ல அதுக்கான பரிசோதனை. நம்ம நாட்டுல குடல் காசநோயும் சிறுகுடல் கடைசிப் பகுதியைத்தான் தேடிப் பிடிக்கும். அதைக் கோட்டை விட்டுட்டு பித்த அமிலத்தைத் துரத்தறது முட்டாள்தனம்.

7. அடிப்படை டெஸ்ட் எல்லாம் கையில இருக்கட்டும். ரத்த அணுக்கள், தைராய்டு, கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை, மலத்துல குடல் அழற்சியைக் காட்டற கால்ப்ரொடெக்டின், ஜியார்டியா கிருமி. கொலோனாஸ்கோபி பண்ணினா, பார்க்க நல்லா இருந்தாலும் திசு எடுத்து அனுப்பினாங்களான்னு கேளு. நுண்ணிய அழற்சி கண்ணுக்குத் தெரியாது, மைக்ரோஸ்கோப்புக்குத்தான் தெரியும்.

8. மாத்திரை டப்பாவைக் கவிழ்த்துப் பாரு. சுகருக்கான மெட்ஃபார்மின், மெக்னீசியம் கலந்த அசிடிட்டி மருந்து, சர்க்கரை இல்லாத சூயிங்கம்ல இருக்கற சார்பிடால் – இதெல்லாமே வயித்தைக் கலக்கும். பல ஆயிரம் செலவு பண்ணின அப்புறம் “ஓ, மெட்ஃபார்மின் டோஸை ஏத்தினதுல இருந்துதான்”னு சொல்றவங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துப் போச்சு.

மூணு டெஸ்ட், மூணு விதமான தயாரிப்பு

9. சி4 ரத்தப் பரிசோதனை: ஊசி ஒண்ணு, நிபந்தனை ரெண்டு. கல்லீரல் எவ்வளவு பித்த அமிலம் தயாரிக்குதுன்னு காட்டற ஒரு பொருள் இது. தயாரிப்பு கூடினா ரத்தத்துல சி4-உம் கூடும். இருக்கறதுலயே உனக்குச் சுலபமானது. ஆனா,

- *வெறும் வயித்துல போ.* ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் தண்ணி மட்டும். ‘ஒரே ஒரு வாய் காபி’யும் சாப்பாட்டுக் கணக்குதான்.
- *காலை 9 மணிக்குள்ள ரத்தம் கொடு.* சி4 நாள் முழுக்க ஒரே அளவுல நிக்காது. மதியம் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை உச்சத்துக்குப் போகும். லஞ்ச் பிரேக்ல ஓடிப் போய் கொடுத்தா நம்பர் தானா ஏறி நிக்கும், இல்லாத நோயை இருக்குன்னு காட்டும்.
- கல்லீரல் நோய், ரொம்ப அதிகமான ட்ரைகிளிசரைடு, கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் மாத்திரை – எது இருந்தாலும் முன்னாடியே சொல்லு. சி4 அளவை இதெல்லாம் மாத்திடும்.

அமெரிக்காவுல மேயோ கிளினிக் 52.5 நானோகிராம்/மில்லிலிட்டர்ங்கிற அளவைத் தொட்டாலோ தாண்டினாலோ அதிகம்னு எடுத்துக்குது. வேற லேப்ல வேற எல்லை இருக்கும். ரிப்போர்ட்ல இருக்கற எல்லையைப் பாரு, நெட்ல படிச்ச நம்பரை வெச்சு நீயே தீர்ப்பு சொல்லாதே.

10. 48 மணி நேர மலப் பரிசோதனை: வேலை அதிகம், ஆனா நேரடிச் சாட்சி. ரெண்டு நாள்ல நீ வெளியேத்தற மொத்தப் பித்த அமிலத்தையும் அளக்கறாங்க. இதுக்கு நாலு நாள் தினமும் 100 கிராம் கொழுப்பு சாப்பிடணும். கடைசி ரெண்டு நாள் மலத்தை முழுசா சேகரிக்கணும். இங்கதான் எல்லாரும் சொதப்பறாங்க, அதனால நிதானமா படி.

*எந்த நாள்:* வியாழக்கிழமை சாப்பாட்டை ஆரம்பி. வியாழன், வெள்ளி வெறும் சாப்பாடு. சனி, ஞாயிறு சாப்பாடும் சேகரிப்பும். ஆபீஸ் நாள்ல டப்பாவைத் தூக்கிட்டு அலைய வேண்டாம். மாதவிடாய் நாளையும் விசேஷ நாளையும் தவிர்த்துடு.

*100 கிராம் கொழுப்புன்னா எவ்வளவு?* நீ நினைக்கறதை விட அதிகம். சமையல் எண்ணெய் நாலு மேஜைக்கரண்டி சுமார் 55 கிராம். வறுத்த வேர்க்கடலை 50 கிராம்ல சுமார் 25. ரெண்டு முட்டை 10. கொழுப்பு நீக்காத பால் ஒரு டம்ளர் 8. எல்லாம் கூட்டினா நூறு கிட்ட வந்துடும். சைவமா இருந்தா முட்டைக்குப் பதிலா ரெண்டு டீஸ்பூன் நெய். ‘கடாயில ஊத்தின எண்ணெய்’ கணக்கு செல்லாது. உன் தட்டுல வந்ததுதான் கணக்கு. அதனால எண்ணெயைத் தனியா அளந்து, இட்லிப் பொடிக்குக் குழைச்சுக்கோ, சோத்துல ஊத்திப் பிசைஞ்சுக்கோ. சுகர், கொலஸ்ட்ரால், கணையத் தொந்தரவு இருந்தா இந்த நாலு நாள் சாப்பாட்டை டாக்டர் சம்மதம் இல்லாம தொடாதே.

*ஏன் இந்தக் கூத்து?* கொழுப்பு வந்தாத்தான் பித்தப்பை நல்லா சுருங்கிப் பித்தநீரை விடும். பயந்துபோய் ரசம் சாதமும் கஞ்சியுமா நாலு நாள் இருந்தா பித்த அமிலமும் குறைஞ்சு, ரிப்போர்ட் சாதுவா வந்து நிக்கும்.

*எப்படிப் பிடிக்கறது:* வெஸ்டர்ன் கழிப்பறைன்னா சீட்டுக்கு அடியில பொருந்தற தட்டு மாதிரிப் பாத்திரம் லேப்ல கொடுப்பாங்க. இந்தியன் கழிப்பறைன்னா அகலமான பிளாஸ்டிக் பேசின் ஒண்ணைத் தனியா ஒதுக்கு. முதல்ல சிறுநீர் போயிட்டு, அப்புறம் பாத்திரத்தை வை. சிறுநீரும் தண்ணியும் கலக்கவே கூடாது. நமக்குத் தண்ணி விட்டுக் கழுவற பழக்கம் – பாத்திரத்தை மூடி, எட்ட நகர்த்தி வெச்சிட்டு அப்புறம் கழுவு. பாதிப் பேர் தடுக்கி விழற இடம் இதுதான்.

*எங்க வைக்கறது:* குளிர்ச்சியா இருக்கணும். அதுக்காக வீட்டு ஃப்ரிட்ஜுல இட்லி மாவு பக்கத்துல வெச்சு மாமியார்கிட்ட வாங்கிக் கட்டிக்காதே. தெர்மாகோல் பெட்டி, உள்ள ஐஸ் பாக்கெட், வெளியில உன் பேர் எழுதின சீட்டு. பால்கனியில நிழல்ல வெச்சிடு. எப்போ ஐஸ் மாத்தணும், உறைய வைக்கணுமான்னு லேப்கிட்ட கேட்டுக்கோ.

*ஒரு தடவை கூட விடாதே.* சனிக்கிழமை காலை 7 மணிக்கு ஆரம்பிச்சா திங்கள் காலை 7 மணிக்கு முடியணும். நடுவுல ஒண்ணு வெளியில போயிடுச்சுன்னா மறைக்காம லேப்ல சொல்லு. ‘கொஞ்சம்தானே’ன்னு நீ விட்டது மொத்தக் கணக்கையே கெடுக்கும். தப்பான ரிப்போர்ட்டை விடத் திரும்ப எடுக்கறது மேல்.

ரிப்போர்ட்ல மொத்த அளவு மட்டும் இருக்காது. கல்லீரல்ல இருந்து வர்ற முதல்நிலைப் பித்த அமிலத்தைக் குடல் பாக்டீரியா இரண்டாம்நிலையா மாத்தும். மாறாம அப்படியே வெளியேறுற பங்கு எத்தனை சதவீதம்னும் பார்ப்பாங்க. 48 மணி நேரத்துல மொத்தம் 2337 மைக்ரோமோலுக்கு மேல, இல்லேன்னா முதல்நிலை அமிலம் 10 சதவீதத்துக்கு மேல – ரெண்டுல எதுவா இருந்தாலும் அதிகம்னு மேயோ கணக்கு. சமீபத்துல ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தா அந்த மாத்தற வேலையே தடைபட்டிருக்கும், அதையும் சொல்லிடு.

11. செஹ்கேட் ஸ்கேன்: மாத்திரை ஒண்ணு, பயணம் ரெண்டு. பிரிட்டன்லயும் ஐரோப்பிய நாடுகள் பலதுலயும் இதுதான் வழக்கம். அமெரிக்காவுல அனுமதி இல்ல. லண்டன்ல, லெஸ்டர்ல இருக்கற தங்கச்சி தம்பிங்க இந்தப் பத்தியைக் கவனிங்க. கதிரியக்க செலினியம் சேர்த்த, பித்த அமிலம் மாதிரியான ஒரு பொருளைக் கேப்ஸூலா விழுங்குவே. சில மணி நேரத்துல ஒரு ஸ்கேன், சரியா ஏழாவது நாள் இன்னொரு ஸ்கேன். எவ்வளவு உடம்புல தங்கியிருக்குன்னு பார்ப்பாங்க.

- *ஏழாவது நாளை மாத்தாதே.* ‘லீவ் கிடைக்கல, பத்தாவது நாள் வரேன்’னா கணக்கே தப்பிடும். ரெண்டு தேதியும் உறுதியானதும் சம்மதம் சொல்லு.
- *கதிரியக்கம்னதும் நடுங்காதே.* அளவு சுமார் 0.26 மில்லிசீவர்ட். ஒண்ணு ஒண்ணரை மாசத்துல இயற்கையா நம்ம மேல படறது எவ்வளவோ அவ்வளவுதான். ஆனா கர்ப்பமா இருக்கலாம்னு துளி சந்தேகம் இருந்தாலும், பால் கொடுத்துக்கிட்டு இருந்தாலும், வாயைத் திறந்து சொல்லிடு.
- 15 சதவீதத்துக்குக் கீழ தங்கினா பித்த அமிலப் பேதி. 10–15 லேசு, 5–10 நடுத்தரம், 5-க்குக் கீழ கடுமை. நம்பர் குறையக் குறைய நோய் அதிகம். ‘குறைவா வந்திருக்கு, நல்லது’ன்னு தலைகீழாப் படிச்சு சந்தோஷப்படாதே.

12. மூணுக்கும் பொதுவான விதி: பித்த அமிலத்தைப் பிடிச்சு வைக்கற மருந்து ஏற்கெனவே சாப்பிடறியா? டெஸ்டுக்கு முன்னாடி எத்தனை நாள் நிறுத்தணும்னு கேளு. லோபிரமைட் குடலோட ஓட்டத்தை மெதுவாக்கும், அதையும் சொல்லு. நீயா எதையும் நிறுத்தாதே, நீயா எதையும் மறைக்காதே.

ஏமாந்து போற இடங்கள்

13. ‘பைல் ஆசிட்ஸ்’னு லேப் பட்டியல்ல பார்த்ததும் பணம் கட்டாதே. கர்ப்பிணிங்களுக்கு உடம்பெல்லாம் அரிப்பு வந்தா, கல்லீரல்ல பித்தநீர் தேங்குதான்னு பார்க்க ரத்தத்துல மொத்தப் பித்த அமிலம் எடுப்பாங்க. பேர் ஒண்ணா இருந்தாலும் வேலை வேற. உன் பேதிக்கு அது பதில் சொல்லாது. சீட்டுல ‘சி4’ன்னோ, ‘48 மணி நேர மலம்’னோ, ‘செஹ்கேட்’னோ எழுதியிருக்கான்னு பார்த்துக்கிட்டுக் கவுண்டருக்குப் போ.

14. லிவர் டெஸ்டும் வயித்து ஸ்கேனும் இதுக்கு மாற்று இல்ல. பிலிருபின் சரியா இருக்கு, பித்தப்பையில கல் இல்ல – நல்ல சேதிதான். ஆனா பெருங்குடலுக்குள்ள எவ்வளவு பித்த அமிலம் போகுதுன்னு அது எதுவும் காட்டாது.

15. முழு உடல் பரிசோதனை பேக்கேஜ்ல இதைத் தேடாதே. நம்ம ஊர்ல சாதாரண லேப்ல இது கைக்கெட்டற டெஸ்ட் இல்ல. குடல் சிறப்பு மருத்துவர் இருக்கற பெரிய ஆஸ்பத்திரியில விசாரி. “எடுக்க முடியும்”னு சொன்னா உடனே நாலு கேள்வி: எந்த டெஸ்ட், எங்க அனுப்பறீங்க, ரிசல்ட் எத்தனை நாள்ல, மொத்தம் எவ்வளவு? இதுக்குப் பதில் சொல்ல முடியாத இடத்துல ரத்தம் கொடுக்காதே.

ரிசல்ட் வந்தாச்சு. அடுத்து?

16. அதிகம்னு வந்தா பயப்படாதே. ‘டென்ஷன் பார்ட்டி’ன்னு ஊரே சொன்னதுக்கு ஒரு நம்பர் பதில் சொல்லியிருக்கு. அந்த நம்பரால மருந்தையும் தேர்ந்தெடுக்க முடியும். செஹ்கேட்ல 5 சதவீதத்துக்குக் கீழ வந்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு மருந்து கேட்குது. 10–15-க்குள்ள இருக்கறவங்கள்லயும் நிறைய பேருக்குக் கேட்குது, ஆனா அந்த அளவுக்கு நிச்சயம் இல்ல.

17. எல்லை ஓரத்துல வந்தா சண்டை போடாதே. சி4 கொஞ்சம் கூட, கொஞ்சம் கம்மின்னு இருந்தா அதை மட்டும் வெச்சு முடிவு பண்ண மாட்டாங்க. உன் நோட்டு, பித்தப்பை ஆபரேஷன் கதை, வேணும்னா ரெண்டாவது டெஸ்ட் – எல்லாத்தையும் சேர்த்துத்தான் பார்ப்பாங்க.

18. நார்மல்னு வந்தாலும் பணம் வீண் இல்ல. தேவையில்லாத மருந்தைக் காலம் பூரா விழுங்கறதுல இருந்து தப்பிச்சே. சாப்பாடு, குடல் பாக்டீரியா, வேற மருந்துன்னு டாக்டர் அடுத்த கதவைத் தட்டலாம்.

19. டெஸ்டே கிடைக்கலையா? நம்மள்ல நிறைய பேரோட நிலைமை இதுதான். டாக்டர் மருந்தைக் கொடுத்துப் பார்க்கலாம்னு சொல்லலாம். நாள்பட்ட பேதிக்கான பிரிட்டன் வழிகாட்டி 2018-ல, முடிஞ்ச வரைக்கும் டெஸ்ட் பண்ணிட்டே மருந்து கொடுங்கன்னு சொல்லுது. காரணம் நியாயமானது: மருந்து கேட்கலைன்னா நோய் இல்லையா, டோஸ் பத்தலையா, குடிக்கப் பிடிக்காம நீயே விட்டுட்டியான்னு பிரிச்சுப் பார்க்க முடியாது. வேற வழி இல்லாம ஆரம்பிக்கறதா இருந்தா, எத்தனை வாரம் பார்க்கப் போறோம், டோஸை எப்போ ஏத்தறதுன்னு முதல் நாளே பேசி எழுதிக்கோ. அஞ்சாவது டிப்ஸ்ல சொன்ன நோட்டை அந்த வாரங்கள்ல ஒரு நாள் கூட விடாதே.

மருந்துல பண்ற தப்புகள்

20. ‘கொலஸ்ட்ரால் மருந்து’ன்னு திருப்பிக் கொடுக்காதே. கொலெஸ்டிரமின் பவுடரும் கொலெசெவெலாம் மாத்திரையும் கொலஸ்ட்ராலுக்காக வந்த மருந்துங்கதான். குடலுக்குள்ளயே பித்த அமிலத்தைப் பிடிச்சுக் கட்டி, மலத்தோட வெளியே கொண்டு போயிடும். மருந்துக் கடைக்காரர் “உங்களுக்கு எதுக்குமா இது?”ன்னு கேட்டா குழம்பாதே.

21. மத்த மாத்திரைங்களோட சேர்க்காதே. இந்த ரெண்டு மருந்தும் எதிர்ல வர்றதையெல்லாம் பிடிச்சு வைக்கும். தைராய்டு மாத்திரை, கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாம இருக்க எடுக்கற மாத்திரை – ஒண்ணா விழுங்கினா அதெல்லாம் உடம்புல ஏறாது. கொலெஸ்டிரமின்னா மத்த மருந்து ஒரு மணி நேரம் முன்னாடி, இல்லேன்னா நாலுல இருந்து ஆறு மணி நேரம் கழிச்சு. கொலெசெவெலாம்னா தைராய்டு, கருத்தடை மாத்திரைங்க நாலு மணி நேரம் முன்னாடி. நினைவுல வெச்சுக்கறேன்னு சொல்லாதே, போன்ல அலாரம் வை.

22. பவுடரை அப்படியே வாயில கொட்டாதே. தண்ணியிலயோ ஜூஸ்லயோ நல்லாக் கலக்கிக் குடி. மணல் மாதிரி நெருடும், அது அதோட குணம். ராத்திரியே கலக்கி ஃப்ரிட்ஜுல வெச்சா கொஞ்சம் தேவலை. காபி மாதிரி உறிஞ்சி உறிஞ்சிக் குடிக்காதே, வாயில தேக்கி வெச்சா பல் எனாமலுக்குக் கேடு.

23. முதல் நாளே முழு டோஸ் எடுத்து, “மலச்சிக்கல் வந்துடுச்சு”ன்னு தூக்கிப் போடாதே. வயிறு உப்புசம், வாயு, மலச்சிக்கல் வரலாம். சின்ன அளவுல ஆரம்பிச்சு மெல்ல ஏத்தச் சொல்லி டாக்டர்கிட்ட கேளு. ரொம்ப நாள் சாப்பிடறதா இருந்தா வைட்டமின் ஏ, டி, ஈ, கே அளவையும் ட்ரைகிளிசரைடையும் அப்பப்போ பார்க்கச் சொல்லு.

24. சாப்பாட்டுல கொழுப்பைக் குறை, பட்டினி கிடக்காதே. நெய்யில மிதக்கற பொங்கல், பிரியாணி, பஜ்ஜி எல்லாம் தினமும் வேண்டாம். ஒரே வேளையில கொட்டாம சின்னச் சின்னதாப் பிரிச்சுக்கோ. முக்கியமா, இந்த டிப்ஸ் ரிசல்ட் வந்த அப்புறத்துக்கு மட்டும். மலப் பரிசோதனைக்கு முன்னாடி இதை ஆரம்பிச்சா பத்தாவது டிப்ஸைப் படிக்கலைன்னு அர்த்தம்.

டாக்டர் ரூமுக்குள்ள போகும்போது கையில இருக்க வேண்டிய சீட்டு

உள்ள போனதும் நாக்கு ஒட்டிக்கும், எனக்குத் தெரியும். அதனால இதை அப்படியே எழுதி எடுத்துட்டுப் போ:

- எனக்குப் பேதி எப்போ ஆரம்பிச்சது, ராத்திரி எழுந்திருக்கேனா (ஒரு வார நோட்டு இதோ).
- பித்தப்பை, குடல் ஆபரேஷன், கதிர்வீச்சு – எந்த வருஷம்.
- இப்போ சாப்பிடற எல்லா மாத்திரையும், நாட்டு மருந்தும் சேர்த்து.
- இதுவரைக்கும் எடுத்த டெஸ்ட், தேதியோட.
- கேட்க வேண்டியது: “இது பித்த அமிலப் பேதியா இருக்குமா? சி4, மலப் பரிசோதனை, செஹ்கேட் இதுல எது இங்க எடுக்க முடியும்? முடியலைன்னா மருந்து கொடுத்துப் பார்க்கறது எனக்குச் சரிப்படுமா, எத்தனை வாரம்?”

டாக்டர் ‘வேண்டாம்’னு சொன்னா ஏன்னு கேளு. காரணம் சொன்னா ஏத்துக்கோ. காரணமே சொல்லாம ‘எல்லாம் மனசுதான்’னு சொன்னா, வேற குடல் மருத்துவரைப் பார்க்க உனக்கு யார் அனுமதியும் தேவையில்ல. இன்னிக்கு ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி நோட்டுல முதல் வரியை எழுதிட்டுப் படு. அடுத்த வாரத்துக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கு, மேனேஜர்கிட்ட இப்பவே லீவ் சொல்லிடு. ‘பார்க்கலாம்’னு தள்ளிப் போட்டே, அடுத்த தடவை இந்த அக்கா இவ்வளவு பொறுமையாப் பேச மாட்டேன்.